விட்டுப்போன பெயர்கள்: தைவான் திரை வரலாறும் பெண் இயக்குநர்களும்

தைவான் சினிமா என்றதும் நம்மில் பலருக்கு ஹௌ சியாவ்-சியென், எட்வர்ட் யாங் என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இன்னும் கொஞ்சம் தேடிப் பார்த்தவர்கள் சாய் மிங்-லியாங்கையும் ஆங் லீயையும் சேர்த்துக்கொள்வார்கள். இவர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. 1982இல் 'இன் அவர் டைம்', அடுத்த ஆண்டு 'த சாண்ட்விச் மேன்', அதோடு தைவானில் புது சினிமா பிறந்தது. 1987 சனவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு சூலையில் 38 ஆண்டுக்கால இராணுவச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1989இல் ஹௌவின் 'எ சிட்டி ஆஃப் சேட்னெஸ்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'இன் அவர் டைம்' படத்தின் நான்கு பகுதிகளை இயக்கிய நால்வரும் ஆண்கள். 'த சாண்ட்விச் மேன்' படத்தின் மூன்று பகுதிகளை இயக்கிய மூவரும் ஆண்கள். இந்த வரலாற்றைப் பாடமாகப் படித்துவிட்டுத் தானும் படமெடுக்க வரும் பெண் ஒருத்தி, தனக்கு முன்னால் நடந்துபோனவர் என்று இதில் யாரைப் பார்ப்பாள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரை வரலாறு படித்தால் இயக்குநருக்குப் பாணி கிடைக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். இவரிடமிருந்து நீண்ட ஷாட், அவரிடமிருந்து வெளிச்சம், வேறொருவரிடமிருந்து மௌனம் என்று செல்வாக்குகளைப் பட்டியல் போடுகிறோம். தைவானில் பெரிய நிறுவனங்களுக்கு வெளியே நின்று படமெடுத்த பெண்களின் வேலையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு சரிப்பட்டு வருவதில்லை. வரலாற்றைப் படித்த அவர்களுக்குத் தெரியவந்தது அதிலுள்ள ஓட்டைகள்: யாருடைய படம் அழிந்தது, யாருடைய மொழி பரிசுக்கு வெளியே நிறுத்தப்பட்டது, யாருடைய பெயர் எழுதப்படாமல் போனது. எதைப் படமாக்குவது, எந்த வடிவில் ஆக்குவது, ஆக்கியதை எங்கே காட்டுவது என்ற மூன்றையும் அந்த அறிவே முடிவுசெய்தது. இதற்கு மிகத் தெளிவான சான்று ஹுவாங் யூ-ஷான். அவருடைய படங்களைப் பற்றிப் பேசுமுன் அவர் படித்த வரலாறு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அது நமக்கு அவ்வளவு பழக்கமானதில்லை.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் குடியேற்ற நாடு. மௌனப் படக் காலத்தில் அங்கும், ஜப்பானில் போலவே, திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை விளக்கிச் சொல்லும் விளக்குநர்கள் இருந்தார்கள். 1932இல், ஷாங்காயிலிருந்து வந்த 'த பீச் கேர்ள்' என்ற மௌனப் படத்துக்கு விளம்பரமாக இரண்டு விளக்குநர்கள் ஒரு பாட்டு உண்டாக்கினார்கள். ஒருவர் எழுத மற்றவர் மெட்டமைத்தார். தைவான் மொழியில் இசைத்தட்டாக வந்து ஊரெல்லாம் ஒலித்த முதல் பெரிய பாட்டு அதுதான். ஆக, அந்தத் தீவின் மெல்லிசைக்கே சினிமாக் கொட்டகைதான் பிறந்தகம். ஜப்பானியர் போன பிறகு சீனப் பெருநிலத்திலிருந்து வந்த கோமின்டாங் ஆட்சி மாண்டரின் மொழியை நாட்டின் மொழியாக்கியது. ஆனால் பெரும்பான்மை மக்களின் வாயில் இருந்தது தைவான் மொழி. 1956இல் ஹோ ஜி-மிங் இயக்கிய 'ஷுவே பிங்-குய்யும் வாங் பாவ்-சுவானும்' என்ற நாட்டார் இசை நாடகப் படம் வசூலில் வெளுத்து வாங்கியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தைவான் மொழிப் படங்கள் வந்தன. சின்னஞ்சிறு தனியார் நிறுவனங்கள் கறுப்பு வெள்ளைச் சுருளில், கைக்கு அகப்பட்ட பணத்தில் எடுத்த படங்கள் அவை. 1962இல் கோல்டன் ஹார்ஸ் விருது தொடங்கியபோது மாண்டரின் படங்களை வளர்ப்பதே அதன் நோக்கம். தைவான் மொழிப் படங்களுக்கு அதில் இடமில்லை. விருது கிடைக்காத படத்தை யாரும் பாதுகாக்கவில்லை, பாதுகாக்காத படம் வரலாற்றுக்குள் வரவில்லை. இன்று எஞ்சியிருப்பது அந்த ஆயிரத்தில் ஒரு சிறு பங்கு. 1980களின் இறுதியிலிருந்து திரைப்பட ஆவணக் காப்பகம் தேடித் தேடி மீட்டவைதான் 'எர்லி டிரெய்ன் ஃப்ரம் தைபே', 'டேஞ்சரஸ் யூத்' போன்ற படங்கள். இந்த மீட்பு நடந்திராவிட்டால், 1960களில் தைவான் பெண்கள் வேலை தேடித் தலைநகருக்கு ரயிலேறிய கதை திரையில் சொல்லப்பட்டதே நமக்குத் தெரிந்திருக்காது.

மாண்டரின் சினிமாவுக்கும் தைவான் மொழிச் சினிமாவுக்கும் நடுவே இருந்த சுவர் அவ்வளவு தடிமனானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லி சிங் என்ற இயக்குநரைப் பாருங்கள். அவர் தொடங்கியது தைவான் மொழி நகைச்சுவைப் படத்தில். 1960களில் அரசுசார் நிறுவனமான மத்திய திரைப்பட நிறுவனம் 'ஆரோக்கிய யதார்த்தவாதம்' என்ற முழக்கத்தோடு வண்ணப் படங்களை எடுத்தபோது, அதன் முன்னணி இயக்குநராக நின்றவரும் அவரே. 1965இல் வந்த அவருடைய 'பியூட்டிஃபுல் டக்ளிங்' வாத்து மேய்க்கும் கிராமத்துக் குடும்பத்தைக் காட்டுகிறது. அந்தக் கிராமத்தார் எல்லாரும் சுத்தமான மாண்டரினில் பேசுகிறார்கள். கதையின் நடுவில் நிற்பது வளர்ப்பு மகள், நல்லவள், அடக்கமானவள், உழைப்பாளி. ஊர் வாழ்வின் உண்மையைக் காட்டுவதாகச் சொன்ன படத்தில் ஊரின் மொழியே இல்லை. இந்த லி சிங்கிடம்தான் 1970களின் இறுதியில் படப்பிடிப்புக் குறிப்பாளராக வேலை கற்றார் ஹுவாங் யூ-ஷான். இரண்டு மரபுகளையும் கையாண்ட ஒருவரின் பக்கத்தில் நின்று ஷாட் ஷாட்டாகக் குறித்துக்கொண்ட பெண் அவர்.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். புது சினிமாவில் பெண் பார்வை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும், 'எ சிட்டி ஆஃப் சேட்னெஸ்' படத்தையே நமக்குச் சொல்லிப்போவது ஹினோமி என்ற இளம்பெண்ணின் நாட்குறிப்பு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1947 பிப்ரவரி 28க்குப் பின் கோமின்டாங் ஆட்சி நடத்திய படுகொலைகள் அந்தப் படத்தில் பெரும்பாலும் திரைக்கு வெளியே நடக்கின்றன. அவள் எழுதிவைக்கும் வரிகளும் காது கேளாத கணவனோடு அவள் பரிமாறிக்கொள்ளும் சீட்டுகளும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஆண்கள் கைதாகிறார்கள், காணாமல்போகிறார்கள், எழுதிக்கொண்டிருப்பவள் பெண். திரைக்கதையில் வூ நியென்-ஜென்னோடு பெண் எழுத்தாளர் சூ தியென்-வென்னும் இருந்தார்; 1983 முதல் ஹௌவின் படங்களுக்கு நிரந்தரத் துணை அவர். இன்னும் பாருங்கள். சாங் யியின் 'குய்-மெய், எ உமன்' படத்துக்கு மூலம் ஷியாவ் சா எழுதிய கதை. படமாக்கப்பட்ட 'த புட்சர்ஸ் ஒய்ஃப்' லி ஆங் எழுதிய நாவல், அவரும் பெண்தான். 1981இல் எட்வர்ட் யாங் முதன்முதலில் இயக்கும் வாய்ப்புப் பெற்றது, நடிகை சில்வியா சாங் முன்னின்று தயாரித்த 'லெவன் விமன்' என்ற தொலைக்காட்சித் தொடரில். ஆகவே புது சினிமாவில் பெண்களின் குரல் நிறையவே இருந்தது. அது காகிதத்தில் இருந்தது, தயாரிப்பாளர் நாற்காலியில் இருந்தது, நடிகையின் முகத்தில் இருந்தது. எந்த இடத்தில் காமிராவை வைப்பது என்று முடிவுசெய்யும் இடத்தில்தான் இல்லை. நான் சொல்வது ஹௌவைக் குறை கூறுவதற்காக அல்ல. அந்தப் படம் உலக சினிமாவின் உச்சங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் வரலாற்றை இந்த அளவுக்குக் கூர்ந்து படிக்கிறவருக்குத்தான் எழுதியவள் பெண், இயக்கியவர் ஆண் என்ற இந்த வேலைப் பங்கீடு கண்ணில் படும். புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறவருக்குப் படாது.

ஹுவாங் யூ-ஷான் 1954இல், தைவானுக்கும் சீனாவுக்கும் இடைப்பட்ட பெங்ஹு தீவுகளில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது திரைப்படவியல், அதாவது படம் எடுக்கும் தொழிலைவிடப் படங்களின் வரலாற்றையும் கோட்பாட்டையும் முதன்மையாகக் கொண்ட படிப்பு. திரும்பி வந்து சிற்பி ஜூ மிங் போன்ற கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1988இல் வந்த 'ஆட்டம் டெம்பஸ்ட்' படத்தின் கதை ஒரு பௌத்தக் கோயிலில் நடக்கிறது. பிள்ளையில்லை என்று குடும்பம் குறை சொல்லும் மணமான பெண் அங்கே வந்து தங்குகிறாள். படிக்க வந்திருக்கும் இளைஞனோடு உறவு ஏற்படுகிறது. அவள் கருவுறுகிறாள். குறை அவளிடம் இல்லை என்பது நமக்கும் அவளுக்கும் அப்போதே தெரிந்துபோகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது அக்காலத் தைவானில் சந்தைக்குப் பழக்கமான காதல் கதைதான். சியுங் யாவ் என்ற எழுத்தாளரின் நாவல்களை வைத்து எத்தனையோ படங்கள் அந்த அச்சில் வந்திருந்தன. ஹுவாங் அந்த அச்சை உதறவில்லை. அதற்குள் நின்றுகொண்டே, அந்த மரபு ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: இந்த உடம்பு யாருடையது? இரண்டு ஆண்டு கழித்து 'ட்வின் பிரேஸ்லெட்ஸ்' வந்தது. ஃபூஜியான் கடலோரத்தில் ஹுய்-ஆன் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. தோழிகள் இருவர் உடன்பிறவாச் சகோதரிகளாக வாழ்நாள் உறுதி எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இருவரில் ஒருத்தி திருமணத்துக்குப் பணிகிறாள், மற்றவள் பணிய மறுக்கிறாள். கதை ஓர் ஆண் எழுத்தாளருடையது. ஆனால் படத்தில் மணமகன் வீட்டைவிட இரண்டு பெண்களின் தனித்த நேரங்களுக்குத்தான் காமிரா அதிகம் காத்திருக்கிறது. மெலோடிராமா என்ற மரபின் விதிகள் எல்லாம் தெரிந்தவரால்தான் அதன் எடையை இப்படி இடம் மாற்ற முடியும்.

இதற்கடுத்து அவர் செய்தது, என் கணிப்பில், அவருடைய எந்தக் கதைப்படத்தைவிடவும் முக்கியமானது. 1993இல் தைபேயில், தோழர்களோடு சேர்ந்து, பெண்களின் படங்களுக்கென்று ஒரு விழாவைத் தொடங்கினார். இன்று 'விமன் மேக் வேவ்ஸ்' என்று அறியப்படும் விழா அது. முப்பது ஆண்டுகளைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. 1997இல் 'த பெட்ரல் ரிட்டர்ன்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அது சென் வென்-மின் என்ற பெண்ணைப் பற்றியது. 1950களில் திரையரங்கு நடத்தியவர், அந்தத் தைவான் மொழிப் பட அலையில் தயாரிப்பாளராகி, பிறகு தாமே இயக்கத்தில் இறங்கியவர். தைவானின் முதல் பெண் இயக்குநர் என்று இன்று நாம் சொல்வது அவரைத்தான். நாற்பது ஆண்டுகள் அவர் பெயர் பொதுப் பேச்சில் இல்லை. அவர் எடுத்தது கோல்டன் ஹார்ஸ் மதித்த மொழியில் இல்லை. அவர் நிறுவனம் சிறியது, நீடிக்கவுமில்லை. புது சினிமாவிலிருந்து தொடங்கும் வரலாற்றில் அவருக்கு இடமிருக்க வழியே இல்லை. ஒரு பெண் இயக்குநர் தன் முன்னோடியைத் தேடிப் போய், அந்தத் தேடலையே படமாக்கியிருக்கிறார். படிப்பு என்பது இங்கே நேரடியாகப் படைப்பாகிறது. முன்னோடி கிடைத்துவிட்டதால் தைவானின் பெண் இயக்குநர் வரிசைக்கு வயது திடீரென்று கால் நூற்றாண்டு கூடிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். புது சினிமாவுக்குப் பின் வந்தவர்கள் என்று கருதப்பட்டவர்கள் அதற்கு முன்பிருந்த ஒரு மரபின் தொடர்ச்சியாகிவிட்டார்கள்.

ஹௌவின் 1983ஆம் ஆண்டுப் படம் 'த பாய்ஸ் ஃப்ரம் ஃபெங்குய்' பெங்ஹுவில்தான் தொடங்குகிறது. வேலையில்லாத பையன்கள், கடற்காற்று, சண்டை, பிறகு காவ்சியுங் நகரத்துக்குக் கப்பல். தைவான் புது சினிமாவில் பெங்ஹு என்றால் விட்டுப் போகிற இடம். அதே தீவுகளில் பிறந்த ஹுவாங் 2005இல் எடுத்த 'த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' அங்கே திரும்பி வர முடியாமல் போனவனின் கதை. ஹுவாங் சிங்-செங் என்ற பெங்ஹு சிற்பி தோக்கியோவில் கலை பயின்றவர். 1943 மார்ச்சில் பியானோ கலைஞரான தன் துணைவியோடு 'தக்காச்சிஹோ மாரு' கப்பலில் ஊர் திரும்பினார். அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதைக் கடலில் மூழ்கடித்தது. பயணிகளில் பெரும்பாலோரோடு அவர்களும் போனார்கள். அவர் கைவேலையில் எஞ்சியவை சில சிற்பங்களும் சில ஓவியங்களும்தான். ஹுவாங் யூ-ஷான் இதை நேரான வாழ்க்கை வரலாறாக எடுக்கவில்லை. இன்றைய தைவானில் அந்தக் கலைஞரின் பழைய ஓவியம் ஒன்றைச் சீர்செய்யும் ஒரு பெண்ணை உள்ளே கொண்டுவருகிறார். துணியில் பெயர்ந்த வண்ணத்தையும் பழைய மேற்பூச்சையும் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் அவள், அவருடைய காலத்துக்குள் மெல்ல மெல்லப் போகிறாள். ஓவியச் சீரமைப்பாளர் மூல வண்ணத்தின் மேல் புதிதாக வரையக் கூடாது, இருப்பதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். அழிந்த சுருள்களின் வரலாற்றைப் படித்த ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய கதாபாத்திரம் இதைவிடப் பொருத்தமாக இருக்க முடியாது. நிகழ்காலப் பகுதி கடந்தகாலப் பகுதியின் அழுத்தத்தை எட்டவில்லை என்பது என் கருத்து. அங்கே கருத்து முன்னால் நிற்கிறது, மனிதர்கள் பின்னால் நிற்கிறார்கள். ஆயினும் படத்தின் அமைப்பு தற்செயலானது அல்ல. 2007இல் அவர் எடுத்த 'த சாங் ஆஃப் சாத்தியென் மவுண்டன்' படத்திலும் ஜப்பானிலிருந்து திரும்பும் கப்பல் மூழ்குகிறது. ஹக்கா என்ற மொழிச் சமூகத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சுங் சாவ்-செங்கின் நாவல் அது. தப்பிப் பிழைத்த இளைஞன் காவல்துறைக்கு ஒளிந்து மலைக்குள் போகிறான். அவனைப் பிழைக்க வைப்பது ஹக்கா மலைக் குடும்பங்களின் உழைப்பு. மாண்டரினுக்கு வெளியே இன்னொரு மொழி.

படிப்பு அதிகமானால் படைப்பு வறண்டுவிடும், முன்னோர்களைப் பார்த்துப் பார்த்துப் போலச் செய்யத்தான் வரும் என்பது அடுத்த ஆட்சேபம். தைவானில் இதற்குச் சான்றும் காட்டுவார்கள். 1990களில் வெளிநாட்டு விழாக்களில் ஹௌ, யாங் பாணிக்குக் கிடைத்த மதிப்பைப் பார்த்து, அசையாத காமிராவும் பேசாத மனிதர்களுமாக ஒரு வகைப் படம் பெருகியது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் அதிகப் படிப்பால் வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே அத்தியாயத்தை மட்டும் படித்ததன் விளைவு அது. முழு வரலாற்றையும் படித்தவருக்கு முன்னால் தைவான் மொழி இசை நாடகப் படம் இருக்கிறது, துப்பறியும் படம் இருக்கிறது, கண்ணீர்க் காவியம் இருக்கிறது, 1980 வாக்கில் பெருகிய குற்ற, பழிவாங்கல் படங்களும் இருக்கின்றன. கடைசியில் சொன்ன வகையை விமர்சகர்கள் மலிவுச் சரக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த வகையில் 1981இல் 'த லேடி அவெஞ்சர்' என்ற படத்தை இயக்கியவர் யாங் ஜியா-யுன் என்ற பெண். வன்புணர்வுக்கு ஆளான பெண் தானே பழிவாங்கப் புறப்படும் கதை. அதில் சந்தைக்காகச் சேர்த்த கவர்ச்சி இருக்கிறது. அதை மறைப்பதில் பொருளில்லை. அதே யாங் 1998இல் எடுத்தது, ஜப்பானிய இராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய தைவான் பெண்களைப் பற்றிய 'எ சீக்ரெட் பரீட் ஃபார் ஃபிஃப்டி இயர்ஸ்' என்ற ஆவணப்படம். முதிய பெண்கள் தங்கள் வாயால் சொல்கிறார்கள். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வணிகப் படத்தில் கத்தியால் தீர்க்கப்பட்ட கேள்வியே பதினேழு ஆண்டுகளுக்குப் பின் சாட்சியமாக வந்திருப்பது புரியும். ஒதுக்கப்பட்ட வகைப் படத்தை வரலாற்றுக்குள் சேர்க்காதவருக்கு இந்தத் தொடர்ச்சி தெரியாது; முதல் படம் வெட்கம், இரண்டாவது படம் பெருமை என்று பிரித்துவைத்துவிடுவார்.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. சுயேச்சையாகப் படமெடுக்கும் பெண்ணுக்கு முதல் சிக்கல் வரலாறா, பணமா? தைவானில் 2000ஆம் ஆண்டு வாக்கில் உள்நாட்டுப் படங்களுக்குச் சந்தையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறவில்லை. ஆலிவுட் படங்களுக்கு நடுவில் அரசு உதவித்தொகை இல்லாமல் கதைப்படம் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. இந்த நெருக்கடியில்தான் பெண்கள் பலர் ஆவணப்படத்துக்குப் போனார்கள். வீடியோ காமிரா மலிவு, குழு சிறியது. 1986இலேயே 'பசுமைக் குழு' என்ற வீடியோக் குழு, அரசின் பிடியிலிருந்த மூன்று தொலைக்காட்சிகள் காட்டாத போராட்டங்களைப் பதிவுசெய்து நாடாவாகச் சுற்றில் விட்டு வழி காட்டியிருந்தது. மானிடவியலாளர் ஹூ தாய்-லி 1997இல் தன் மாமியார் ஊரைப் பற்றி எடுத்த 'பாசிங் த்ரூ மை மதர்-இன்-லாஸ் வில்லேஜ்' திரையரங்குக்கே போனது. ஆகவே பணம் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. எவ்வளவு பெரிய படம், எந்தக் கருவி, எத்தனை பேர் என்பதையெல்லாம் பணமே தீர்மானித்தது. ஆனால் சிறிய காமிரா கையில் வந்த பின் அதை எங்கே திருப்புவது என்பதைப் பணம் சொல்லித் தருவதில்லை. ஜியான் வெய்-சு, குவோ சென்-தி என்ற இரு பெண்கள் சேர்ந்து 2003இல் எடுத்த 'விவா டோனல்' அந்தக் காமிராவை 1930களின் கொலம்பியா இசைத்தட்டுகள் பக்கம் திருப்பியது. முன்பு சொன்னேனே, சினிமா விளக்குநர்கள் உண்டாக்கிய பாட்டு, அந்த உலகம்தான். அந்தக் காலத்துப் பாடகி ஐ-ஐ முதுமையில் தன் பழைய குரலைக் கேட்கிறார். இருண்ட குடியேற்றக் காலம் என்று ஒற்றை வரியில் பள்ளிப் பாடம் முடித்துவைத்த பத்தாண்டுகளில், பெண்கள் நடனமாடினார்கள், பாடினார்கள், சம்பாதித்தார்கள் என்று அந்தப் படம் எடுத்துவைக்கிறது. அதற்குக் கோல்டன் ஹார்ஸ் விருதும் கிடைத்தது. தைவான் மொழியைத் தொடக்கத்தில் வெளியே நிறுத்திய விருது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது ஹுவாங் ஹுய்-சென். தொடக்கப் பள்ளியிலேயே படிப்பை நிறுத்தியவர். சிறு வயதிலிருந்து தாயோடு இறுதிச் சடங்குகளில் இறந்தவரின் ஆவியை வழியனுப்பும் சடங்குக் குழுவில் வேலை செய்தவர். அவருடைய 'ஸ்மால் டாக்' படம் 2017இல் பெர்லினில் சிறந்த ஆவணப்படத்துக்கான டெடி விருது பெற்றது. பெண்களை நேசிக்கும் தாய். ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத மகள், அதாவது இயக்குநரே. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். மகள் பல ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியைக் கேட்கிறாள். தாய் பதில் சொல்லவில்லை. மேசையைப் பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படத்தொகுப்பு அவளைக் காப்பாற்ற அவசரப்படுவதில்லை. இந்தக் காட்சிக்குத் திரைப்படவியல் பட்டம் தேவைப்பட்டதா? இல்லை. இதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அவர் காமிரா பிடிக்கக் கற்றது சமுதாயக் கல்லூரி ஒன்றின் ஆவணப்பட வகுப்பில். அத்தகைய வகுப்புகளை உண்டாக்கியது 1980களிலிருந்து வளர்ந்த ஆவணப்பட இயக்கம். பெண்ணின் சொந்த வீட்டுக் கதையைப் பொதுவெளியில் காட்டலாம், அதற்குப் பார்வையாளர்கள் வருவார்கள் என்ற பழக்கத்தை உண்டாக்கியது 1993இல் தொடங்கிய விழா. படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளராக நின்றவர் ஹௌ சியாவ்-சியென். வரலாற்றைத் தான் படிக்காவிட்டாலும், அதைப் படித்தவர்கள் கட்டிவைத்த இடத்தில் நின்றுதான் அவர் படமெடுத்தார். எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு இயக்குநரும் வரலாறு படித்தாக வேண்டும் என்பதில்லை, ஒரு தலைமுறையில் சிலராவது படித்து, அதை விழாவாகவும் காப்பகமாகவும் வகுப்பாகவும் மாற்றியிருக்க வேண்டும். ஹுவாங் யூ-ஷான் பின்னாளில் தைனான் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானதும் அந்த மாற்றத்தின் பகுதியே.

இதெல்லாம் பெண்களின் படங்களைத் தனிக் கூண்டில் அடைப்பதாகாதா, நல்ல படம் என்றால் நல்ல படம்தானே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வேன். தனி விழா தேவைப்படாத காலம் வந்தால் நல்லதுதான். 1962இல் தொடங்கிய கோல்டன் ஹார்ஸ் விழாவில், அட்டயால் பழங்குடியைச் சேர்ந்த லாஹா மெபோ என்ற தைவான் பெண் 'காகா' படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருது பெற்றது 2022இல்தான். இடையில் அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளில் படமெடுத்த பெண்களை நல்ல படம், சுமாரான படம் என்று தரம் பிரிக்க வேண்டுமானால், முதலில் அவர்களுடைய படங்கள் நம் கண்ணில் பட வேண்டும்.

நம் ஊர்த் திரைப்படச் சங்கங்கள் தைவான் படங்களைத் திரையிடும்போது ஹௌவின் படமும் யாங்கின் படமும் தவறாமல் வருகின்றன. வரட்டும், எத்தனை முறை பார்த்தாலும் தகும். அடுத்த முறை 'த பாய்ஸ் ஃப்ரம் ஃபெங்குய்' போடும் நாளின் மாலைக் காட்சியாக 'த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'யைப் போடுங்கள். 'எ சிட்டி ஆஃப் சேட்னெஸ்' போடும் வாரத்தில் 'த பெட்ரல் ரிட்டர்ன்ஸ்' படத்துக்கும் ஒரு காட்சி ஒதுக்குங்கள். படிகள் தைவான் திரைப்பட, ஒலி-ஒளிக் காப்பகத்திலும் விழா அமைப்பாளர்களிடமும் கேட்கத் தக்கவை; கேட்டு எழுதும் வேலையைச் சங்கச் செயலாளர்கள் இந்த மாதமே தொடங்கலாம்.